நான் சொல்லாத ‘ஆமாம்’

1

இந்த மாதத்தோடு நான் மலாவிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. எங்கள் சபை மாத இதழை நடத்துகிற தம்பி ஊரிலிருந்து வாட்ஸப்பில் கேட்டிருந்தார்: “டீச்சர், ரெண்டு வருச ஊழிய அனுபவத்த ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. பாம்பு, காய்ச்சல், பட்டினி ஏதாவது இருந்தா விட்டுராதீங்க. நம்ம ஆட்கள் அதத்தான் முதல்ல வாசிப்பாவ.”

பாம்பை இரண்டு தடவை பார்த்தேன். இரண்டு தடவையும் அது என்னைப் பார்த்ததும் போய்விட்டது. காய்ச்சல் வந்தது, மாத்திரை போட்டேன், அதுவும் போய்விட்டது. பட்டினி கிடக்க இங்கே யாரும் என்னை விடவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த ரவிக்கைகள் எல்லாவற்றிலும் தையல் பிரித்தாயிற்று. ஆக, தம்பி கேட்ட சரக்கு என்னிடம் இல்லை.

ஆனால் சில மாதங்களுக்கு முன்னால் இதே இதழில் என்னைப்பற்றி ஒரு சின்னக் குறிப்பு வந்தது. ‘மகளின் பிரசவத்தையும் பொருட்படுத்தாமல், ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கைக் காத்த சகோதரி’ என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு, முன்பின் தெரியாத ஒரு வயதான அம்மா எனக்காக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். அந்தக் குறிப்பு தப்பு. அந்த அம்மா சாப்பிட வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் செல்வராணி. பாளையங்கோட்டையில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்ற ஆறாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில் ஒரு மிஷன் சங்கத்துக்காரர் எழுந்து, ஆப்பிரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று அறிவித்தார். ஒன்றரை வருஷம். சம்பளம் கிடையாது, வீடு, சாப்பாடு, போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட். நான் கையைத் தூக்கினேன். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர், மின்விசிறியைக் கூட்டிவைக்கச் சொல்லித்தான் நான் கை தூக்குகிறேன் என்று நினைத்து, அவரும் தூக்கினார். விஷயம் புரிந்ததும் அவர் கை மட்டும் இறங்கிவிட்டது.

அவர் பெயர் தனராஜ். கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர். “எனக்கு மாட்டுத்தாவணியத் தாண்டுனாலே வயித்துக்கு ஒத்துக்காது. நீ போய்ட்டு வா செல்வா” என்று உத்தரவு கொடுத்துவிட்டார். அப்போது அவருக்குச் சமையலறையில் தெரிந்த ஒரே வேலை, காப்பி ஆறிவிட்டது என்று சொல்வது.

எங்கள் தெருவில் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போவார்கள். பெற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அது தலைகீழாயிற்று. ஒரே மகள் பெனிட்டா, கோயம்புத்தூரில் கணவனோடு இருக்கிறவள், தினமும் என்னைக் கூப்பிட்டு விசாரித்தாள். “எம்மா, சாப்பிட்டீங்களா? தனியா எங்கயும் போவாதீங்க. யாரும் எதுவும் குடுத்தா வாங்கித் திங்காதீங்க.” அவள் காலேஜ் விடுதியில் இருந்தபோது நான் சொன்ன அதே மூன்று வாக்கியங்கள், அதே வரிசையில். நான் அவளைப் போலவே “சரி, சரி” என்று சொல்லிவிட்டுக் கேட்காமல் இருந்தேன்.

நான் இருக்கிற மாவட்டம் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலைப்பாங்கு. எழுதும்போது தியோலோ என்பது போல எழுதுவார்கள். வாயால் சொல்லும்போது ‘சோலோ’ என்பார்கள். “மாஞ்சோலைல ஆரம்பிச்சு சோலோவுல முடிக்கா” என்று என் வீட்டுக்காரர் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். மாஞ்சோலைக் கதை பிறகு வரும்.

மிஷனெரியாக வந்தவளுக்கு முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு அதிர்ச்சி. ஆராதனை மூன்றரை மணி நேரம் நடந்தது. எனக்கு இரண்டாவது மணி நேரத்திலேயே முழங்கால் போய்விட்டது. பக்கத்திலிருந்த பெண்கள் அப்போதுதான் பாட்டில் சூடு பிடித்திருந்தார்கள். பள்ளியைச் சுற்றி மட்டும் ஆறு சபைகள். பள்ளித் தலைமை ஆசிரியை மிசஸ் பீரி, உயரமான, சிரிக்காமல் பேசுகிற அம்மா, வெளியே வந்ததும் என்னைக் கேட்டார்: “உங்கள் நாட்டிலும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களா?”

எங்கள் ஊரில் எத்தனை தலைமுறையாக இருக்கிறோம் என்று நான் விரிவாகச் சொன்னேன்.

“பரவாயில்லையே,” என்றார். “உங்களுக்காக ஜெபிக்கிறோம்.”

யாரையும் ரட்சிக்க எனக்கு இதுவரை வாய்ப்புக் கிடைக்கவில்லை. கணக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். அது எல்லா நாட்டிலும் ரட்சிப்பு தேவைப்படுகிற பாடம்தான்.

3

இங்கே பேசுகிற மொழி சிச்செவா. அம்மாவை ‘அமாயி’ என்கிறார்கள். அட, நம் வீட்டு மொழி மாதிரி இருக்கிறதே, ஆறு மாதத்தில் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் மொழி என்னைப் பிடித்துக்கொண்டது. சிச்செவாவில் ‘ஏயா’ என்றால் ‘ஆமாம்’.

நம் பக்கத்தில் பையன்களை எப்படிக் கூப்பிடுவோம்? ஆசையாகவும் ‘ஏய்யா’, ஆத்திரமாகவும் ‘ஏய்யா’. விழப்போகிறவனுக்கும் ‘ஏய்யா’, விழுந்து எழுந்தவனுக்கும் ‘ஏய்யா’. முப்பத்திரண்டு வருஷ வகுப்பறையில் நான் அதிகம் உச்சரித்த சொல் அதுவாகத்தான் இருக்கும். கூட்டல், கழித்தல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

என் வகுப்பில் தொண்ணூற்று நான்கு பிள்ளைகள். அதில் சிசோமோ என்று ஒரு பெண். அவள் பெயருக்கு ‘கிருபை’ என்று அர்த்தம். நான் வந்த முதல் வாரம், பாடம் பாதியில் இருக்கும்போது எழுந்து நின்று அவள் மொழியில் ஏதோ பணிவாகக் கேட்டாள். அதே நொடியில் பின்வரிசையில் ஒருவன் இன்னொருவன் காதைத் திருகினான். “ஏய்யா” என்றேன். தொண்ணூற்று நான்கு பேரும் நன்றி சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்கள்.

இது வாரத்துக்கு இரண்டு தடவை நடந்தது. இந்த நாட்டில் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக வருவார்கள், ஒன்றாகப் போவார்கள், நல்ல ஒற்றுமை என்று ஊருக்கு எழுதிக்கூடப் போட்டேன். மூன்றாவது மாதம் மிசஸ் பீரி என்னை அறைக்குக் கூப்பிட்டு, “பிள்ளைகளுக்கு இவ்வளவு அடிக்கடி விடுமுறை கொடுக்காதீர்கள்” என்றபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிட முயன்றேன். ‘தம்பி’ என்று கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பகல் தாங்கியது. பதறுகிற நேரத்தில் நாக்கு நம்மைக் கேட்டுக்கொண்டா பேசுகிறது?

4

போன வருஷம் ஜூன் மாதம் பெனிட்டா கூப்பிட்டாள். உண்டாகியிருக்கிறாள். ஜனவரி கடைசியில் பிரசவம். என் ஒன்றரை வருஷம் செப்டம்பரில் முடிகிறது. எல்லாம் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

ஆகஸ்ட் மாதம் மிசஸ் பீரி நேராகக் கேட்டார். எட்டாம் வகுப்புக்கு மே மாதம் அரசுத் தேர்வு. அது முடிகிறவரை இருக்க முடியுமா? எனக்குப் பதிலாக வேறு ஆள் அனுப்புவதாக மிஷன் சங்கத்தில் யாரும் உறுதி சொல்லவில்லை. நான் முடியாது என்றேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், தாய் இல்லாத தாய்வீடு என்றால் அந்தப் பேச்சு பிறக்கிற பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிறவரை ஓடும் என்று விளக்கினேன். “இங்கேயும் அப்படித்தான்” என்றார். அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

செப்டம்பரில் பெற்றோர் கூட்டம், பள்ளி முற்றத்தில் யூக்கலிப்டஸ் மரத்தடியில் நடந்தது. பெற்றோர் சங்கத் தலைவர் தேயிலை ஃபாக்டரியில் மேஸ்திரியாக இருந்தவர். வெயிலிலும் கோட்டும் தொப்பியும் போடுகிறவர். இருபது நிமிஷம் பேசினார். நான்கு வார்த்தைக்கு ஒன்று எனக்குப் புரிந்தது. என்னை வழியனுப்புகிறார் என்று நினைத்து முகத்தை அதற்கேற்றபடி வைத்திருந்தேன். கடைசியில் என் பக்கம் திரும்பி, தொப்பியைக் கழற்றி, ஒரு கேள்வி மாதிரி இழுத்து நிறுத்தினார்.

அந்த நேரம் பார்த்து எனக்கு நேர் மேலே, மரத்தின் உச்சியில், ஒரு பையன் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டிருந்தான்.

“ஏய்யா, எறங்குய்யா” என்று அலறினேன். முதல் வார்த்தையே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

பெண்கள் குலவை போட்டார்கள். நான்கு பேர் ஆட ஆரம்பித்தார்கள். தலைவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். நான் வாயைத் திறந்து விளக்குவதற்குள் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு கிடா ஆட்டைக் கொண்டுவந்து கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டார்கள். மே மாதம்வரை மேடம் இருப்பார் என்று அறிவித்து ஒரு ஜெபமும் செய்து முடித்தார்கள்.

ரிப்பனோடு ஒரு ஆடு அங்கே எப்படித் தயாராக நின்றது என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். பரீட்சை ஹாலில் முதுகுக்குப் பின்னால் நடக்கிற காப்பியைக்கூடக் கண்டுபிடித்தவள் நான். ஆனால் நம்மைக் கொண்டாடுகிறார்கள் என்றால் மனுஷிக்குப் புத்தி மந்தப்பட்டுப் போகிறது.

5

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“அது செல்லாது,” என்றார் உடனே. “கேள்வி புரியாமக் குடுத்த சம்மதம் சம்மதமே இல்ல. நாளைக்கே போய்ச் சொல்லிரு.”

“ஆட்ட வாங்கிட்டேங்க.”

“திருப்பிக் குடு.”

“திருப்பிக் குடுத்தா இங்கன அது பெரிய அவமானமாம்.”

“அப்ப வாய்தா வாங்கு. பைய யோசி” என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன், ஜெபித்தேன். மூன்றாவது நாள் எனக்கு ஒரு வெளிச்சம் வந்தது. நான் சொல்ல நினைக்காததை என் வாய் சொல்லிவிட்டது என்றால், சொல்லவைத்தது யார்? ஆண்டவர்தான். இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவ்வளவு பிடித்ததே சந்தேகப்பட வேண்டிய விஷயம். அப்போது படவில்லை.

பெனிட்டாவிடம் குரலைத் தாழ்த்தி, “ஆண்டவர் சித்தம் வேற மாதிரி இருக்கு பெனி” என்று ஆரம்பித்தேன். கேட்டு முடித்தாள். “ஆண்டவர் சித்தம்னா நான் என்னம்மா சொல்லுவேன்” என்றாள். ஜெபிக்கிற வீட்டில் வளர்ந்த பெண் வேறு என்ன சொல்ல முடியும்? வாயை அடைக்க இதைவிட நல்ல மூடி கிடையாது. எங்கள் சபைக் குருவானவருக்கும் அப்படியே எழுதினேன். அவர் பிரசங்கத்தில் என் பெயரைச் சொன்னார். மாத இதழில் அந்தக் குறிப்பு வந்தது.

அனுமதிச் சீட்டை நீட்டிக்க பிளான்டையர் நகரத்தில் குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். முதல் தடவை வந்தபோதே அங்கே எனக்கு ஒரு வழக்கு இருந்தது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லை. “குடும்பப் பெயர்?” என்று கேட்டார்கள். “இல்லை” என்றேன். “குடும்பமே இல்லையா?” என்று வருத்தப்பட்டு, அப்பா பெயரை எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதனால் அரசாங்கத்துக்கு நான் மிசஸ் தங்கையா. என்னை என் அப்பாவுக்கே கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று என் வீட்டுக்காரருக்குத் தாங்காத கோபம்.

இந்தத் தடவை படிவத்தில் ‘நீட்டிப்புக்கான காரணம்’ என்ற கட்டத்தில் ‘ஆண்டவரின் அழைப்பு’ என்று எழுதியிருந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

“அழைப்புக் கடிதம் எங்கே?”

“அது கடிதமாக வராது, சார்.”

“வந்தவுடன் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள்” என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு மிசஸ் பீரி ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். ஆண்டவருக்குப் பதில் அவர் கையெழுத்துப் போட்டதில் வேலை முடிந்தது.

6

ஆடு என் வாசலில் மூன்று மாதம் இருந்தது. அதன் ஆகாரத்தில் எட்டாம் வகுப்பின் பதினொரு கணக்கு நோட்டுகளும் அடங்கும். நான் திருத்தி வைத்திருந்த நோட்டுகள். நோட்டை ஆட்டுக்குப் பறிகொடுத்த பிள்ளைகள் எல்லோரும் எல்லாக் கணக்கும் சரியாகப் போட்டிருந்ததாகச் சொன்னார்கள்.

டிசம்பரில் அந்த உபவாச அம்மாவின் செய்தி வந்தது. அன்றிலிருந்து எனக்கு வெள்ளிக்கிழமை சாப்பாடு இறங்கவில்லை. மகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவள், ஒரு பையனை மரத்திலிருந்து இறங்கச் சொன்ன சத்தத்தை வாக்குத்தத்தமாக்கிக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு ஒரு கிழவி பட்டினி கிடக்கிறாள். முதலில் இங்குள்ளவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கிறிஸ்மஸுக்கு அந்த ஆட்டைப் பிரியாணியாக்கி மிசஸ் பீரியையும் பெற்றோர் சங்கத் தலைவரையும் ஆசிரியர்களையும் கூப்பிட்டேன். பிளான்டையரில் குஜராத்திகள் கடையில் மசாலா சாமான் கிடைக்கும். சீரகச் சம்பா மட்டும் கிடைக்காது. பந்தி பாதியில் எழுந்து நின்றேன். ஒரு வாரம் மனப்பாடம் செய்த சிச்செவாவில் சொன்னேன்: அன்று நான் சம்மதம் சொல்லவில்லை. அது எங்கள் ஊர்ப் பேச்சு. உங்களை ஏமாற்றி ஆடு வாங்கியதற்கு மன்னியுங்கள்.

யாரும் திடுக்கிடவில்லை. சங்கத் தலைவர் இன்னொரு எலும்பு கேட்டார். மிசஸ் பீரி கையைத் துடைத்துக்கொண்டார்.

“தெரியும்” என்றார்.

“எப்போதிலிருந்து?”

“நீங்கள் சொல்வதற்கு முன்னாலிருந்து.”

பிறகு அவர் விவரித்தார். நான் முடியாது என்று சொன்ன செய்தி எட்டாம் வகுப்புக்குப் போயிருக்கிறது. சிசோமோவும் நான்கு பெண்களும் உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறார்கள். தலைவர் கேள்வி கேட்டு முடித்துத் தொப்பியைக் கழற்றினால் மேலே இருக்கிறவன் ஒரு கையை விட வேண்டும். மரத்தில் இருந்தவன் சிசோமோவின் அத்தை மகன், அவனும் எட்டாம் வகுப்புதான். அந்த வட்டாரத்திலேயே நன்றாக மரம் ஏறுகிறவன். ஆடு தலைவருடையது. பிள்ளைகள் கேட்டதும் கொடுத்திருக்கிறார்.

“எனக்கு அன்று காலையில்தான் தெரிந்தது,” என்றார் மிசஸ் பீரி. “தலைமை ஆசிரியையாக நான் தடுத்திருக்க வேண்டும். மரம் எவ்வளவு உயரம் என்று மட்டும் விசாரித்தேன்.”

நான் உட்கார்ந்துவிட்டேன். பிரசங்கத்தில் என் பெயர் வந்தது, இதழில் வந்தது, ஒரு அம்மா உபவாசம் இருக்கிறார்கள்; எல்லாவற்றுக்கும் மூலகாரணம் பதின்மூன்று வயதுப் பெண்கள் ஐந்து பேர்.

“அப்படியானால் நான் போகலாமா?”

“எப்போது வேண்டுமானாலும் போகலாம், மேடம். ஏமாற்றி வாங்கிய வார்த்தை உங்களைக் கட்டாது. பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. உங்கள் டிக்கெட் இருக்கிறது.” பாத்திரத்தைப் பார்த்தார். “ஆட்டை மட்டும் திருப்பித் தர முடியாது.”

விடுமுறையிலும் பள்ளிக் கிணற்றடிக்குத் தண்ணீர் எடுக்க வந்த சிசோமோவை மறுநாள் பிடித்தேன். குடத்தைத் தலையிலிருந்து இறக்கிவைத்துவிட்டு நின்றாள். பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

“ஏன் செய்தாய்?”

“விகிதம் முடியவில்லை, மேடம்” என்றாள்.

7

வீட்டுக்காரருக்குச் சொன்னேன். ஒரு நிமிஷத்துக்குமேல் சிரித்தார். மூச்சு வாங்கியது கேட்டது. பிறகு கோர்ட்டுக் குரலுக்கு வந்தார்.

“இப்ப மோசடியும் சேர்ந்துபோச்சு. கேஸ் ரொம்பப் பலமா இருக்கு. எப்ப வாரே?”

“இல்லங்க. வரல.”

“ஏன்?”

இனி ஆண்டவர்மேல் போட முடியாது. பையன்மேலும் போட முடியாது. மாஞ்சோலையிலிருந்து அவ்வளவு தூரம் வந்து, கடைசியில் நானே மாட்டிக்கொண்டேன்.

மாஞ்சோலைப் பக்கம் மலைமேல் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில்தான் என் முதல் வேலை. வயது இருபத்திமூன்று. தேயிலை கிள்ளுகிறவர்களின் பிள்ளைகள். முதல் மூன்று வாரம் அட்டைக்கடிக்கு அழுதேன். பிறகு பிடித்துப்போயிற்று. ஜனவரியில் கல்யாணம் நிச்சயமாயிற்று. முழுப்பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அதை நான் யோசித்ததே இல்லை. கல்யாணத்துக்கு வேலையை விடுவதை யார் தப்பு என்று சொன்னார்கள்?

இங்கே வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். எஸ்டேட்டில் வேலை நின்றுபோகிறது என்று மலையிலிருந்து இறங்கி வந்து வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தாள். பெயர் பாக்கியம். என்னைவிட வயதானவள் மாதிரித் தெரிந்தாள். “டீச்சர், என்னத் தெரியுதா? நீங்க போன பொறவு அந்த வருசம் கணக்குக்கு ஆள் வரல. நான்தான் போர்டுல எல்லாத்துக்கும் போட்டுக் காட்டுனேன். பாதி தப்பு” என்று சொல்லிச் சிரித்தாள். என்னைக் குற்றம் சொல்கிற எண்ணமே அவளுக்கு இல்லை. அது இருந்திருந்தால் நான் பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். மிஷன் சங்கத்துக்காரர் அறிவித்தபோது நான் கை தூக்கியது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் “ம்” என்றார். “பெனிட்டாட்ட நீயே சொல்லு” என்றார்.

சொன்னேன். ஆடு, மரம், சிசோமோ, பாக்கியம் எல்லாவற்றையும். கடைசியில், “எனக்கே இருக்கணும்னுதான் இருக்கு பெனி. ஆண்டவரச் சொன்னது சும்மா” என்றேன்.

“ஆண்டவர்னு சொன்னப்ப எனக்குக் கோவமே வரலம்மா,” என்றாள். “இப்பத்தான் வருது.” வைத்துவிட்டாள்.

நான்கு நாள் அவளிடமிருந்து போன் இல்லை. இங்கே வந்த பிறகு நான் உண்மையாகவே கஷ்டப்பட்ட நாட்கள் அவை. தம்பி கேட்ட பட்டினிக்கு வேண்டுமானால் இதைப் போட்டுக்கொள்ளலாம். டிக்கெட்டை எடுத்து இரண்டு தடவை மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். பிரசவத்துக்காக அவள் ஏற்கெனவே பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்துவிட்டிருந்ததால், வீட்டுக்காரர் தினமும் தகவல் மட்டும் கொடுத்தார்: “அழுதா. பொறவு மாங்கா கேட்டா. வாங்கியாந்தேன். தின்னா.”

ஐந்தாவது நாள் கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை.

“எம்மா, அந்தப் பாக்கியம் அந்த வருசம் கணக்குல பாஸானாங்களா?”

“இல்ல.”

“அதுக்குப் பொறவு?”

“படிக்கப் போவல. தேயிலைக்குப் போய்ட்டா.”

போனில் அவளுக்குப் பின்னால் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது.

“அப்ப முடிச்சிட்டே வாங்க,” என்றாள். “ஆனா ஒண்ணு. யாரு கேட்டாலும் உண்மையச் சொல்லுங்க. சபையில வந்து எல்லாரும் எங்கிட்ட, உங்கம்மா எவ்வளவு பெரிய தியாகின்னு சொல்லுதாவ. எனக்குச் சிரிக்கவும் முடியல, அழவும் முடியல.”

8

அந்தத் தாளிப்புச் சத்தம் என் வீட்டுக்காரருடையது. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. நான் செப்டம்பரில் வரவில்லை என்று சொன்ன நாளிலிருந்து, அந்த மனிதர் எதிர்வீட்டு மதினியிடம் பாடம் கேட்க ஆரம்பித்திருக்கிறார். பத்தியச் சமையல், பூண்டுக் குழம்பு, பால் ஊறச் சுறாப் புட்டு, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எண் போட்டு எழுதி வைத்திருக்கிறார். என்னிடம் மட்டும் மூச்சு விடவில்லை. தோற்றால் தெரிய வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

ஜனவரி கடைசியில் பெண் பிள்ளை பிறந்தது. நான் அப்போது வகுப்பில் விகிதக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். மிசஸ் பீரி விதியை மீறி என்னை வகுப்பிலேயே போன் எடுக்க விட்டார். திரையில் ஒரு துணிச்சுருளும் அதற்குள் ஒரு சிவந்த மூக்கும் தெரிந்து, அப்படியே உறைந்து நின்றுவிட்டது. தொண்ணூற்று நான்கு பேரும் ஒருவர்மேல் ஒருவர் ஏறி அந்த மூக்கைப் பார்த்தார்கள். மறுநாள் சிசோமோவின் அம்மா நிலக்கடலை ஒரு படி கொண்டுவந்து தந்து, என்னைக் கொஞ்ச நேரம் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். சிச்செவாவில் அவள் சொன்னது ஒன்றும் புரியவில்லை. பதில் சொல்லாமல் இருந்ததே நல்லது.

என் வீட்டில் நான் இல்லாத குறை பெரிதாகத் தெரியும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஒருநாள் பெனிட்டாவிடம் ஜாடையாகக் கேட்டும் பார்த்தேன். “உங்களவிட அப்பா பொறுமையா குளிப்பாட்டுதாவம்மா” என்றாள். பழிவாங்குகிறாளா, உண்மையைச் சொல்கிறாளா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் இருக்கும்.

எட்டாம் வகுப்பில் விகிதம் முடிந்துவிட்டது. சதவீதம் நடக்கிறது. மே மாதத் தேர்வில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று எனக்குத் தெரியாது. சிசோமோ தேறுவாள். மரத்தில் தொங்கிய அவள் அத்தை மகனைப் பற்றித்தான் கவலை.

நேற்றுச் சாயங்காலம் இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டலாம் என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். முதல் பத்தியைக்கூட முடிக்கவில்லை.

“செல்வா, பிள்ளை முழிச்சிட்டா. அடுப்புல வெந்நி வேற கெடக்கு. நீ சும்மா இருந்தா நெனச்ச நேரத்துக்குப் போனப் போடுத. பொறவு பேசு” என்றார். வைத்துவிட்டார்.

முப்பது வருஷத்துக்குமேல் அவரிடம் நான் இப்படித்தான் பேசியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். கேட்பதற்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று தெரியாது.

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.